நாலரை லட்சத்துக்கு மெஷின் வாங்கலாமா? கஞ்சி மாவு தொழில், வலங்கைமான் பக்கம்

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. என் மாமியார் மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் கஞ்சி மாவு செய்வார். அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் பொரியப் பொரிய வறுத்து, பாசிப்பயறு, சுக்கு, சீரகம் சேர்த்து மில்லில் திரித்துக்கொண்டு வருவோம். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தது, இப்போது கும்பகோணம் வரை மாதம் 40 கிலோ போகிறது. கிலோ 180 ரூபாய். சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருக்கிறது. மெஷின் விற்கிற ஒருவர் வீட்டுக்கே வந்து, வறுக்க, அரைக்க, பாக்கெட் போட எல்லாம் சேர்த்து நாலரை லட்சம், 35 சதவீதம் மானியம் உண்டு, லோனும் நானே முடித்துத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரருக்கு ஆசை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தொழில் செய்கிறவர்கள் சொல்லுங்கள், இறங்கலாமா?

வெண்ணாற்றங்கரை:

மெஷின் அப்புறம் இருக்கட்டும் சகோதரி. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டீர்களா? நான் எடுத்தபோது வருடம் 12 லட்சத்துக்குள் விற்றால் சாதாரணப் பதிவுதான், வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சடிக்க வேண்டும். சிறுதொழில் என்று அரசிடம் பதிகிற உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பேராவூரணி செக்கு:

தங்கச்சி, உன் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். நானும் இப்படித்தான் நின்றேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் எங்கள் கொல்லையில் இருந்த 40 தென்னையில் 31 சாய்ந்துவிட்டது. புதுக் கன்று வைத்துக் காய்க்கிற வரை சும்மா இருக்க முடியுமா? 2021-ல் கொப்பரை வாங்கி மரச்செக்கில் ஆட்டி எண்ணெய் விற்க ஆரம்பித்தேன். முதல் ஐப்பசியிலேயே அடி. அடைமழை. கொப்பரையை உடைத்தால் படக்கென்று முறிய வேண்டும், அது ரப்பர் மாதிரி வளைந்தது. ஆர்டர் இருக்கிறதே என்ற அவசரத்தில் ஆட்டிவிட்டேன். எண்ணெய் தெளியவே இல்லை. பத்தே நாளில் காறல் வாடை. 48 லிட்டர். ஒவ்வொரு வீடாகப் போய் பாட்டிலைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீடுகளில் முக்கால்வாசி இன்றைக்கும் என்னிடம்தான் வாங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு கணக்கில் செய்தேன். அந்த வருடம் நான் வாங்கிய விலையிலேயே சொல்கிறேன். 10 கிலோ கொப்பரை 1,100. ஆட்டுகூலி 60. ஆறு பாட்டில் 72. லேபிள் 12. வண்டிச் செலவு 40. ஆக 1,284. புண்ணாக்கு விற்று 105 வந்தது. மீதி 1,179, கிடைத்த எண்ணெய் 6 லிட்டர். லிட்டருக்கு 196 ரூபாய் 50 காசு. 220-க்கு விற்றேன். இருபத்துமூன்று ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக இருந்தேன். கடைக்காரர் கழிவு பத்து சதவீதம், அதாவது 22 ரூபாய், இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. லிட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குத்தான் நான் ஒரு வருடம் உழைத்திருக்கிறேன். வெயிலில் கொப்பரையைப் புரட்டிப் போட்ட என் நாள்கூலியும் அதில் கிடையாது. அதுவும் 11 கடையில் கடன். ஒரு கட்டத்தில் 38,000 ரூபாய் வெளியே நின்றது. கொப்பரை வாங்கக் கையில் காசில்லாமல் தோட்டை அடகு வைத்தேன்.

அப்புறம் விலையை 260 ஆக்கினேன். ரொக்கம் கொடுக்கிற மூன்று கடையை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நேரே வீடுகளுக்கு. விற்பனை பாதியாகக் குறைந்தது, கையில் பணம் நின்றது.

இப்போது உன் விஷயம். நீ மாதம் விற்பது 40 கிலோ, 7,200 ரூபாய். 2020-ல் வந்த உணவுத் தொழில் திட்டத்து மானியத்தைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அதில் உன் பங்காகப் பத்து சதவீதமாவது போட வேண்டும், 45,000 அங்கேயே போய்விடும். மானியம் கையில் வராது. வங்கியில் தனியாக வைத்திருந்து, மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினால்தான் லோனில் கழிப்பார்கள். அதைக் கழித்துக்கொண்டே பார்த்தாலும், மீதியை ஐந்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 5,000-க்குக் குறையாது. மொத்த விற்பனையே 7,200 என்றால் அரிசி எதில் வாங்குவாய்? திட்டம் நல்ல திட்டம்தான், மாதம் 300 கிலோ போகும்போது அது நடப்பில் இருந்தால் நீயே வங்கிக்குப் போய்க் கேள். லோன் முடித்துத் தருகிறேன் என்கிறவருக்கு அவர் மெஷின் விற்றால் போதும்.

அதுவரை தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரி. கட்டணம் கட்டி அங்குள்ள மெஷினில் செய்து பார்க்கலாம், மாவைப் பரிசோதனைக்கும் கொடுக்கலாம். முதலில் மாமியாரும் நீயும் உட்கார்ந்து 10 கிலோவுக்கு அடக்கவிலை எழுதுங்கள். இரண்டு பேர் கூலியையும் சேர்த்து. பயப்படாதே, கும்பகோணத்திலிருந்து கேட்டு வாங்குகிறார்கள் என்றால் கைப்பக்குவம் இருக்கிறது. எனக்கு அது வர இரண்டு வருடம் ஆனது.

திருத்துறைப்பூண்டி நெல்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா கிட்டத்தட்ட 160 நாள் பயிர். தை, மாசியில் ஒரு தரம்தான் அறுவடை. அந்த 60,000-ஐ மெஷினில் போடாமல் நெல்லில் போடும்மா. மாதம் 40 கிலோ மாவுக்கு வருடத்துக்கு 60 கிலோ மூட்டை 12 வாங்கினால் சரியாக இருக்கும். போன தையில் நான் களத்தில் கொடுத்தது மூட்டை 2,400. 28,800-ல் வருட அரிசி முடிந்தது. அரிசியாக்கி வைக்காதே, வண்டு விழும். நெல்லாகவே வைத்து, மாதாமாதம் ஒரு மூட்டை அரைத்துக்கொள். நன்றாகக் காய்ந்த நெல்லா என்று கடித்துப் பார்த்து வாங்கு. மூட்டைக்கு நடுவில் நொச்சித்தழை போடு.

இந்த நெல்லெல்லாம் இன்றைக்குக் களத்தில் கிடைப்பதே பெரிய விஷயம். பாரம்பரிய நெல்லைத் தேடி மீட்ட, மறைந்த நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்பார். அப்படிப் பரவியதுதான். உன் மாதிரி ஆள்கள் வாங்கினால்தான் நாங்கள் தொடர்ந்து போட முடியும்.

குடமுருட்டி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அத்தையும் நானும் உட்கார்ந்து எழுதினோம். 10 கிலோவுக்குப் பொருள், விறகு, அரவை, பாக்கெட், பஸ் எல்லாம் சேர்த்து 1,230. ஆளுக்கு 300 கூலி போட்டதும் 1,830. கிலோ 183 ஆகிறது, நாங்கள் விற்பது 180.

எனக்கு எதுக்கு கூலி, வீட்டு வேலைதானே என்றார் அத்தை. வறுக்கும்போது சூடுபட்ட தழும்பு அவர் மணிக்கட்டில் இருக்கிறது, அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, 230 போடு. கும்பகோணத்து வீடுகளுக்கு நானே வந்து சொல்றேன்" என்றார்.

மெஷின்காரருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தையில் 12 மூட்டைக்கு வருகிறேன் அண்ணா, எடுத்து வையுங்கள்.