ட்ரெய்லரில் படகைச் சரியாகத் தாங்க வைக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மெல்பர்னில் இருக்கிறேன். வெஸ்டர்ன்போர்ட் விரிகுடா பக்கம் மீன்பிடிக்கக் கொண்டுபோகிற 5 மீட்டர் ஃபைபர் படகு. ட்ரெய்லரில் அதன் அடிப்பாகத்தைத் தாங்கும் இரண்டு மரச் சட்டங்களும் உளுத்துவிட்டன. கார்ப்பெட்டைத் தூக்கினால் மரம் ஈரத்தூளாகக் கையோடு வருகிறது.

அதைவிடப் பெரிய கவலை, சட்டங்கள் படகின் பின்பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. அந்தப் பலகையில் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினின் பாரம் முழுக்க அந்தக் கடைசியில்தான் தொங்குகிறது. இப்படியே விட்டால் நாளடைவில் அடிப்பாகம் வளைந்துவிடும். புதுச் சட்டம் பின்பலகை வரை நீள வேண்டும், படகுக்குள்ளே ஓடும் நெடுக்குக் கட்டைகளுக்கு நேர்கீழே உட்கார வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபடி மரமும் கார்ப்பெட்டும் போடலாமா, பிளாஸ்டிக் பட்டையா? பிளாஸ்டிக்கில் உப்புத்தண்ணீர் ஊறாது. ஆனால் தண்ணீரைத் தொடுமுன் படகை ட்ரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையைக் கழற்றினால் படகு இறக்குசரிவிலேயே வழுக்கிவிடும்.

வீட்டிலேயே படகைத் தூக்கி நிறுத்தி இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஜாக்கை எந்த இடத்தில் கொடுத்தீர்கள், அடியில் எவ்வளவு அகலக் கட்டை வைத்தீர்கள்? படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.