கன்னத்தில் உடைந்த புற்றுப்புண்: வீட்டில் டிரெஸ்ஸிங், நாற்றம், ரத்தக்கசிவு

மாணவி_ஹோம்கேர்:
பி.எஸ்சி. நர்சிங் நாலாம் வருஷம், இப்போது ஹோம் கேர் போஸ்டிங். வாய்ப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு இடது கன்னம் உடைந்து ஆழமான புண்ணாகியிருக்கிறது. இனி பாலியேட்டிவ் (நோயைக் குணமாக்காமல் வேதனையைத் தணிக்கும் கவனிப்பு) மட்டும்தான். ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாகக் கஞ்சியும் மாத்திரையும் போகின்றன. வலிக்கு மார்ஃபின் 10 மி.கி., நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சர்ஜிக்கல் வார்டில் படித்தபடி டிரெஸ்ஸிங் செய்தால், காஸை (புண்மேல் வைக்கும் வலைத்துணி) எடுக்கும்போதே துடித்துப்போகிறார். ஓரங்களில் ரத்தம் கசிகிறது. நாற்றத்தால் பேரப்பிள்ளைகளை அறைக்குள் விடுவதில்லை. வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுகிறார்கள். எதை மாற்றச் சொல்லட்டும்?

டியூட்டர்_எம்எஸ்என்:
முதலில் நோக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் காயம் ஆறும், அதை நம்பித்தான் வார்டு முறைகள் எல்லாம். இந்தப் புண் ஆறப்போவதில்லை. வலி, நாற்றம், கசிவு, ரத்தம் ஆகிய நாலும் குறைந்தால் நீங்கள் செய்த டிரெஸ்ஸிங் நல்ல டிரெஸ்ஸிங்.

பெராக்சைடை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நுரைப்பதைப் பார்த்து அழுக்கு வருகிறது என்று நினைப்பார்கள். அது நொய்ந்துபோன திசுவை அரித்து ரத்தக்கசிவைத்தான் கூட்டும். உப்புநீர் போதும்: அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, மூடி வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

நோயாளி துடிப்பதற்கு முக்கியக் காரணம் நேரக் கணக்கு. வயிற்றுக்குள் போன மார்ஃபின் வேலை தொடங்க அரை மணி, உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காலை 10 மணி டோஸ் கொடுத்தால் பத்தே முக்காலுக்குக் கட்டைப் பிரியுங்கள். அந்த நேரத்தில் போக முடியாதென்றால், டாக்டரிடம் கேட்டு டிரெஸ்ஸிங்குக்கென்று தனி டோஸ் எழுதி வாங்குங்கள். நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது வழக்கம். இவருக்கு 60 மி.கி.யில் 10 மி.கி.

காஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. 20 மில்லி சிரிஞ்சில், ஊசி இல்லாமல், வெதுவெதுப்பான உப்புநீரை ஓரங்களில் சொட்டவிட்டு 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மேல்நோக்கித் தூக்காமல், தோலை ஒட்டியபடி மெதுவாக மடித்து எடுங்கள். அதே சிரிஞ்சால் புண்ணைக் கழுவலாம். பஞ்சால் தேய்க்க வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும். கன்னம் வாய்வரை ஓட்டையாகியிருந்தால் கழுவும் நீர் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைப் புண் பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வழியும் நீரைப் பிடிக்கக் கீழே கிட்னி ட்ரே.

புண்ணைத் தொடும் அடுக்கு வாசலின் காஸ். அதன்மேல் கசிவை உறிஞ்சக் கனமான பேட். சுற்றுத் தோலில் ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாசலினோ மெல்லியதாகத் தடவுங்கள். முகத்தில் பிளாஸ்டர் ஒட்டாமல் தலையைச் சுற்றித் தளர்வாகக் கட்டுத் துணி கட்டினால் தோல் உரியாது.

சாந்தி_சிஸ்டர்:
நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல்தான் மருந்து. செத்த திசுவில் ஆக்சிஜன் இல்லாமல் வளரும் பாக்டீரியாவால்தான் அந்த வாடை. 400 மி.கி. மாத்திரையை நைசாகப் பொடித்து, கழுவிய புண்ணில் தூவலாம். வெறும் பொடி காய்ந்து பொருக்காகிறது என்றால் கே.ஒய். ஜெல்லியில் (நீரில் கரையும் வழுவழுப்பான ஜெல்) குழைத்துத் தடவுங்கள். கடையில் ஜெல்லாகவும் கிடைக்கும், விலைதான் அதிகம். வாடை கடுமையாக இருந்தால் டாக்டர் ட்யூப் வழியாகவும் சில நாள் கொடுப்பார். அப்போது குமட்டல் வரலாம். மது கண்டிப்பாகக் கூடாது. சில நாளில் வாடை குறைவது தெரியும், பிள்ளைகளும் உள்ளே வரலாம். வீட்டாருக்கு அதை முதலிலேயே சொல்லுங்கள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். இரண்டு வாடையும் கலந்து குமட்டும், இருமலும் வரும்.

ரவி_ஸ்டாஃப்நர்ஸ்:
ஒன்று சேர்க்கிறேன். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். கொசுவலையும் மூடிய கட்டும் அவசியம். புழு வந்துவிட்டால் டர்பன்டைன் எண்ணெயை நேராகப் புண்ணில் ஊற்றிவிடுகிறார்கள், பயங்கரமாக எரியும். காஸில் நனைத்து, பிழிந்து, புண்ணின் திறப்புக்கு அருகில் பிடித்தால் புழு தானாக வெளியே வரும், ஃபோர்செப்ஸால் எடுங்கள். எரிச்சலுக்கு முன்னாலேயே மார்ஃபின் போயிருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் வராது, அடுத்தடுத்த நாளும் பாருங்கள்.

மாணவி_ஹோம்கேர்:
ரொம்ப நன்றி. ரத்தம் நிற்காமல் வந்தால்?

டியூட்டர்_எம்எஸ்என்:
சின்னக் கசிவுக்கு, ஈரக் காஸ் வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். நிற்கவில்லையா, ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி மருந்தைக் காஸில் நனைத்து வையுங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் 1:1000 அட்ரினலின் நனைத்த காஸும் நிறுத்தும். ஆனால் அதன் வேகம் தணிந்ததும் திரும்பக் கசியலாம், அடிக்கடி வைத்தால் திசு செத்துப்போகும், அவசரத்துக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் டாக்டரின் எழுத்து உத்தரவு கையில் இருக்கட்டும்.

புண் கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறதா, உள்ளே ரத்தக்குழாய் ஏதாவது துடிக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் சில சமயம் திடீரென்று கொஞ்சம் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்து நிற்கும். அப்படி வந்தால் அன்றே குழுவுக்குச் சொல்லுங்கள். வீட்டில் கருநீலம், கரும்பச்சை, மெரூன் துண்டுகள் நாலைந்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்தால் நோயாளியும் வீட்டாரும் கலங்கிப்போவார்கள். அந்த நேரத்துக்கான மிடசோலம் (பதற்றத்தைத் தணித்து மயக்கநிலை தரும் மருந்து) உத்தரவையும் டாக்டரிடம் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

சாந்தி_சிஸ்டர்:
மார்ஃபினோடு மலமிளக்கி எழுதியிருக்கிறதா பாருங்கள், மார்ஃபின் போகும்வரை அதுவும் போக வேண்டும். பின்னால் யாராவது நீண்ட நேரம் வேலை செய்யும் எஸ்.ஆர். மார்ஃபினுக்கு மாற்றினால், அதைப் பொடித்து ட்யூபில் விடக் கூடாது. 12 மணி நேர மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.