பழைய பட்டுப்புடவை சேக்கறவங்க வீட்டுக்குப் போறேன், என்னென்ன பாக்கணும்?

நூல்கண்டு:
மாம்பலத்துல ஒரு மாமி, அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க, பழைய காஞ்சிபுரம் பட்டு, ஒன்பது கஜம், ரவிக்கைன்னு பீரோ பீரோவா சேத்து வெச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. நான் டெய்லரிங் கத்துக்கிட்டிருக்கேன், நெசவு பத்தி பெருசா தெரியாது. எதைப் பாக்கணும், கையுறை எடுத்துட்டுப் போகணுமா? ஒண்ணைக் கட்டிப் பாக்கக் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

கோர்வைப் பைத்தியம்:
கட்டிப் பாக்க மட்டும் கேட்டுடாதீங்க தாயே. மடிப்புல பட்டு நைஞ்சு போயிருக்கும், கொசுவம் வைக்க இழுத்தாலே கிழிஞ்சிடும். துணி கையுறை ஜரிகைல மாட்டி இழுக்கும், வேணாம். கைய சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடச்சுக்கோங்க, மோதிரம் வளையல கழட்டிடுங்க, க்ரீம் தடவிட்டுப் போகாதீங்க.

மெயினா புடவையோட உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க, எல்லாரும் முந்தியைப் பாத்து ஆஹான்னுட்டு வந்துடறாங்க. உடலும் கரையும் வேற வேற கலர்ல இருந்தா ரெண்டும் சேர்ற இடத்தைத் திருப்பிப் பாருங்க. கோர்வைன்னா உடலையும் கரையையும் தனித்தனி நூல்ல நெய்து கோக்கறது. நாடான்னா குறுக்கு நூலை, அதாவது ஊடையை, தறில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போற கட்டை. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் தனித்தனியா ஒண்ணொண்ணு, ஆக மூணு நாடா ஓடும், ஊடை நூல் ஒண்ணோட ஒண்ணு கோத்து வாங்கிருக்கும், அதனால கலர் கலக்காம பளிச்சுனு பிரிஞ்சு நிக்கும். ஒரே நாடால நெய்ததுன்னா உடல் கலர் கரைக்குள்ளயும் ஓடி கரை கொஞ்சம் மங்கிருக்கும். கோர்வைக்குத் தறில கூட ஒரு ஆள் உக்காந்து நாடா தள்ளணும், கூலி யாரு குடுக்கறது, அதான் இப்ப கொறஞ்சு போச்சு.

சேலம்காரன்:
இது எந்த வருஷம்னு கேக்கறத விட யார் கல்யாணத்துக்கு எடுத்ததுன்னு கேளுங்க, கல்யாணப் பத்திரிகை இருந்தா தேதி தானா கெடச்சிடும். இன்னொண்ணு, பழைய பட்டுப்புடவை வாங்கறதுன்னு தெருவுல கூவிட்டு வருவாங்கல்ல, அவங்க வாங்கறது புடவைக்காக இல்ல, எரிச்சு வெள்ளி எடுக்கத்தான். நல்ல ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி தங்க முலாம் போட்டது. அப்ப ஜரிகை கனமா இருந்த புடவைதானே மொதல்ல அடுப்புக்குப் போயிருக்கும்? அதனால மாமி பீரோல சன்னக் கரை நெறைய இருந்தா, அந்தக் காலத்துல எல்லாரும் எளிமையாத்தான் கட்டினாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க.

லண்டன் வாசி:
இங்க பழைய துணி சேக்கறவர் ஒருத்தர் வீட்டுல 1900கள்ல தச்ச பட்டு கவுன் பாத்தேன், தொடாமயே செதில் செதிலா உதிருது. அப்பல்லாம் பட்டு கனமா தெரியணும்னு வெள்ளீய உப்புல முக்கி எடுப்பாங்களாம், அந்த உப்பே நாளாவட்டத்துல நூலை அரிச்சிடுது. பெட்டியத் திறந்து காட்டிட்டு மூடிட்டார், அவ்ளோதான். மாமியும் எதையாவது பிரிக்க மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க.

நூல்கண்டு:
எல்லாருக்கும் தேங்க்ஸ். எங்க பாட்டி புடவை ஒண்ணு பாச்சை உருண்டை போட்டு ஹேங்கர்ல தொங்குது, அதையும் எடுத்துட்டுப் போய்க் காட்டலாமா?

கோர்வைப் பைத்தியம்:
தாராளமா. ஆனா இன்னிக்கே ஹேங்கர்லேர்ந்து எடுங்க, கனத்துலயே மடிப்புல விட்டுடும். ஜரிகை பக்கத்துல பாச்சை உருண்டை வேணாம், கறுத்துடும். பழைய மல் வேட்டில சுத்தி வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் மடிப்பை மாத்துங்க.