மறு: ஆல்டர்நேட்டர் ‘எஸ்’ கம்பிக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரில் ‘எஸ்’ (சென்ஸ்) என்று ஒரு கம்பி உண்டே, அதற்குத் தமிழில் ‘உணர்கம்பி’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லைப் பட்டறையில் சொல்லிப் பார்த்து வம்பில் மாட்டிக்கொண்டவன் நான்.

என் பழைய ஹைலக்ஸில் 40 ஆம்பியர் ஆல்டர்நேட்டரைக் கழற்றிவிட்டு 80 ஆம்பியர் மாட்டினோம். சொருகியில் மூன்று வயர்: ஐஜி, எல், எஸ். ஐஜி சாவியிலிருந்து வருவது, எல் டாஷ்போர்டு பேட்டரி விளக்குக்குப் போவது. எஸ் எதற்கு என்று பொமன் (மெக்கானிக்) தம்பி கேட்டார். “அது மின்னழுத்தத்தை உணரும் கம்பி, தம்பி” என்றேன். உணரத்தானே வேண்டும்? ஒரு சாண் வயரை வெட்டி, ஆல்டர்நேட்டரின் முதுகில் இருக்கும், மின்சாரம் வெளியே போகும் பெரிய ‘பி’ முனையிலேயே முறுக்கிவிட்டார்.

அன்றிரவு செம்பனைக் காட்டுச் சாலையில் ஹெட்லைட், ஸ்பாட்லைட், ஏர்கான் எல்லாம் போட்டால் வெளிச்சம் மங்குகிறது. நிறுத்தி மீட்டர் வைத்தேன். ஆல்டர்நேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 13.5. நடுவில் இருப்பது பழைய சார்ஜிங் வயர், 2 மீட்டர் நீளம், 5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு. 60 ஆம்பியர் ஓடினால் செம்பு மட்டுமே 0.4 வோல்ட்டைத் தின்றுவிடும். மீதியைத் தின்றது களிம்பேறிய ஃபியூஸ் முனை. ஆல்டர்நேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தன் வாசலில் 14.2 இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

எஸ் கம்பியின் வேலை பேட்டரிப் பக்கத்து நிலவரத்தைக் கொண்டுவந்து சொல்வது. அங்கே குறைந்தால் ரெகுலேட்டர் ஆல்டர்நேட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுருளுக்குக் கூடுதல் மின்னோட்டம் விட்டு ஈடுகட்டும். உணர்வது ரெகுலேட்டர்தான், கம்பி இல்லை. அதன் மறுமுனையை எங்கே கட்டுவது என்பதை ‘உணர்கம்பி’ சொல்லவே இல்லை.

என் பரிந்துரை: நோட்டக் கம்பி. பக்கத்தில் இருப்பதை யாரும் நோட்டம் விடுவதில்லை, தள்ளி இருப்பதைத்தான் நோட்டம் விடுகிறோம். ரப்பர் மரத்துக்கு நாங்கள் சொல்லும் பால்மரம் என்ற சொல்லைப் பாருங்கள், சீவினால் பால் வடியும், விளக்கவுரை வேண்டியதில்லை. அந்த மாதிரிச் சொல்தான் பட்டறையில் நிற்கும். எஸ் முனையை ‘நோட்ட முனை’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். ‘ஒற்றுக் கம்பி’ (ஒற்று என்றால் உளவு) என்ற யோசனையும் வந்திருந்தது. அழகான பழஞ்சொல்தான், ஆனால் இன்றைக்கு ஒற்று என்றதும் எனக்குச் சந்திப்பிழைதான் ஞாபகம் வருகிறது. செயற்கைக்கோள்காரர்களின் ‘தொலையுணர்வு’ (ரிமோட் சென்சிங்) ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். ஆல்டர்நேட்டரையும் இப்போதைக்கு ஆல்டர்நேட்டராகவே விட்டுவிடுவோம், அது தனிச் சண்டை.

கலைச்சொல்லுக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோட்டக் கம்பியை மட்டும் பேட்டரிக்கு மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டால், ஆல்டர்நேட்டர் இன்னும் முக்கித் தள்ளும், வயர் சுடும். நாங்கள் 16 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பேட்டரி ஓரத்தில் ஃபியூஸ் வைத்தோம். நோட்டக் கம்பிக்கும் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ். இப்போது எல்லா விளக்கும் எரியும்போதே பேட்டரியில் 14.2 நிற்கிறது.

அப்புறம், போன வாரம் அதே தம்பியிடம் வேறொரு வண்டியைக் காட்டி, “இதுதான் நோட்டக் கம்பி” என்று மட்டும் சொன்னேன். வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: “எதை நோட்டம் பார்க்குது அண்ணே, பேட்டரியையா?”