ஈ.ஈ.ஜி. பார்த்து என் மகனுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி:
எட்டு வயதாகும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள நிலை) இருப்பதை உறுதிசெய்த மருத்துவர், மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். முதல் மருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்று அவரே சொன்னதால், ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். மூளையின் மின்னலைகளை ஈ.ஈ.ஜி. மூலம் அளந்து, பொருத்தமான மருந்தை முன்கூட்டியே சொல்லும் மையங்கள் இருக்கின்றனவாம். நம்பலாமா?

பதில் 1:
குழந்தைகளுக்கு ஈ.ஈ.ஜி. எடுப்பது என் பணி. அத்தகைய மையங்கள் பெரும்பாலும் காட்டுவது, மெதுவான தீட்டா அலைக்கும் வேகமான பீட்டா அலைக்கும் உள்ள விகிதத்தைத்தான். அதை அளக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அனுமதி அளித்தது. ஆனால் அது 6 முதல் 17 வயதினரை மருத்துவர் பரிசோதிக்கும்போது துணையாகப் பயன்படுத்த மட்டுமே, மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அன்று. ஏ.டி.எச்.டி. உள்ள, இல்லாத பல குழந்தைகளின் சராசரிகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு, ஒரு தனிக் குழந்தையிடம் தெளிவாகத் தெரிவதில்லை. முந்தைய இரவு சரியாகத் தூங்காத பிள்ளை, தலையில் மின்முனைகளைப் பொருத்தி உட்காரவைத்த சிறிது நேரத்திலேயே கண்ணயர்ந்துவிடும். அப்போது தீட்டா தானாகவே கூடிவிடும். அந்த எண்ணை நம்பி உங்கள் மகனுக்கு மருந்தை முடிவுசெய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதில் 2:
அம்மா, ஓராண்டு போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் வேலை செய்கிறதா என்பது பெரும்பாலும் கொடுத்த அன்றே தெரியத் தொடங்கும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் கூட்டிச் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆகும். என் மகளுக்குத் தொடங்கியபோது, மாத்திரை கொடுத்த நேரம், பசி, தூக்கம், மாலையில் வந்த எரிச்சல் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதினேன். வகுப்பாசிரியரும் வாரம் ஒருமுறை தம் கருத்தை எழுதித் தந்தார். மருந்தின் தாக்கம் தீரும் நேரத்தில்தான் எரிச்சல் வருகிறது என்பதை அந்த நோட்டைப் பார்த்தே மருத்துவர் கண்டுகொண்டு, நேரத்தை மாற்றினார்.

பதில் 3:
ஈ.ஈ.ஜி. உண்மையிலேயே தேவைப்படும் சூழல் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டு அழைத்தாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு வலிப்பு நோயின் ஒரு வகை இருக்கலாம்; அது கவனக்குறைவு போலவே தோன்றும். உங்கள் மகனிடம் அப்படிக் கவனித்திருந்தால், மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அவன் தொட்டு அழைத்தால் உடனே திரும்பிவிடுகிறான். இருந்தாலும் இதை மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். நோட்டையும் இன்றே தொடங்குகிறேன்.