கிரிம் கதைகளை மொழிபெயர்க்க எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது?

கதைப்பித்தன்:
கிரிம் சகோதரர்களின் கதைகளில் பத்துப் பன்னிரண்டை ஜெர்மனிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கம் செய்ய எண்ணம். இணையத்தில் கிடைக்கும் ஜெர்மன் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஹேன்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவள் ஒன்றில் பெற்ற தாய், இன்னொன்றில் மாற்றாந்தாய். எது சரியான மூலம்? கிரிம் தவிர வேறு யார் தொகுப்பைப் பார்க்கலாம்?

ஏடுபுரட்டி:
இரண்டுமே கிரிம்தான். அவர்கள் காலத்திலேயே பெரிய பதிப்பு ஏழு முறை வந்தது: 1812/15, 1819, 1837, 1840, 1843, 1850, 1857. இவை போக, 50 கதைகள் மட்டும் கொண்ட சிறிய பதிப்பு 1825 முதல் தனியாக வந்தது. 1819இலிருந்து கதைகளைச் செதுக்கும் வேலை பெரும்பாலும் தம்பி வில்ஹெல்ம் கையில். ஹேன்சல் கதையின் தாய் 1840இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். ஸ்னோ ஒயிட்டின் தாய்க்கு அந்த மாற்றம் 1819லேயே நடந்துவிட்டது.

ஆண்டு குறிக்காத பிரதி கையில் இருந்தால் முதலில் பொருளடக்கத்தைப் பாருங்கள். பூட்ஸ் போட்ட பூனையும் நீலத்தாடியும் இருந்தால் அது 1812. பிரெஞ்சுக்காரர் பெரோவின் கதைகளோடு மிக நெருங்கியிருந்ததால் அடுத்த பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பிரேமன் இசைக்காரர்கள் 1819இல் சேர்ந்தவர்கள். அவர்கள் இருந்தால் முதல் பதிப்பு அல்ல. ரபுன்ஸெல் இன்னொரு நல்ல சோதனை. "உடையெல்லாம் ஏன் இறுகுகிறது?" என்று அவள் வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொண்டால் 1812. இளவரசனைவிட நீ கனக்கிறாயே என்று கிழவியிடமே உளறினால் பிந்தைய பதிப்பு. குழந்தைகள் படிக்கும் நூலில் கர்ப்பம் வேண்டாம் என்று மாற்றியது.

கதை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். 33 என்றால் 1812இல் பூனை. 1857இல் 'மூன்று மொழிகள்'. 1815இல் வந்த இரண்டாம் பாகம் மறுபடி 1இலிருந்து எண்ணும். முதல் பாகத்தில் 86 கதைகள் என்பதால், அங்கே 3 ஆக இருக்கும் 'வாத்து மேய்க்கும் பெண்' பிறகு 89 ஆகிறது. ஆகவே எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே குறியுங்கள். ஆண்டு சொல்லாமல் எண் சொன்னால், ஆய்வாளர்கள் 1857 என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பாடபேதம்:
மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1812 என்றால் கலப்பில்லாத கிராமத்து வாய்மொழி என்றொரு நினைப்பு பரவியிருக்கிறது, அது தப்பு. முதல் பாகத்துக்குக் கதை தந்தவர்களில் முக்கியமானவர்கள் காசல் நகரத்தின் வில்ட், ஹாசன்ஃப்ளூக் குடும்பத்துப் பெண்கள், நன்றாகப் படித்தவர்கள். ஹாசன்ஃப்ளூக் வீட்டுக்குப் பிரெஞ்சு ஹ்யூகனோ (பிரான்ஸிலிருந்து வெளியேறிய புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) வழித்தொடர்பு உண்டு. பெரோவின் சாயல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் புகழப்படும் டோரோத்தேயா ஃபீமன் ஒரு தையற்காரரின் மனைவி. அவரும் ஹ்யூகனோ வம்சமே.

வில்ஹெல்ம் கைவைப்பதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டுமானால் 1810 கையெழுத்துப் படிதான் வழி. சகோதரர்கள் அதைக் கவிஞர் பிரென்டானோவுக்கு அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. நல்லதாகப் போயிற்று! தங்களிடம் இருந்த குறிப்புகளை அவர்கள் அழித்துவிட்டார்கள். அனுப்பிய படி பின்னர் அல்சாஸ் பகுதியின் ஓலன்பெர்க் மடத்தில் கிடைத்தது. பல கதைகள் அதில் வெறும் எலும்புக்கூடுதான். மொழிபெயர்க்கச் சுவைக்காது, ஒப்பிட உதவும்.

என் தேர்வு: சிறுவர் வாசிப்புக்கு 1857. ஹைன்ஸ் ரோலகே பதிப்பித்து ரெக்லாம் பதிப்பகம் வெளியிட்ட மூன்று பாகங்களில் சகோதரர்களின் குறிப்புகளும் உண்டு. 'மீனவனும் மனைவியும்', 'ஜூனிப்பர் மரம்' இரண்டையும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். ஓவியர் ரூங்க தந்தவை. வடக்கத்திய தாழ்ஜெர்மனில் இருப்பதால் வழக்கமான ஜெர்மன் அகராதி கைகொடுக்காது.

ஏடுபுரட்டி:
கிரிம் அல்லாதவர்கள் பற்றி. மூசேயஸ் (1782 முதல் 1786 வரை) கிரிமுக்கு முந்தியவர். ஆனால் கிண்டலும் அலங்காரமுமாக நீட்டி எழுதுவார். நாட்டார் குரல் வேண்டுமென்றால் அவரிடம் போகாதீர்கள். பெக்ஸ்டைன் 1845இல் வெளியிட்ட தொகுப்பு 19ஆம் நூற்றாண்டில் கிரிமைவிட நன்றாக விற்றது. நடை எளிது, நகைச்சுவை உண்டு, தொடங்க ஏற்றது. வட்டாரத் தொகுப்புகளில் தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வாபியாவுக்கு எர்ன்ஸ்ட் மையர் (1852), ட்ரான்சில்வேனிய ஜெர்மானியருக்கு ஹால்ட்ரிஷ் (1856).

ஷோன்வெர்த் தனி ரகம். பவேரியாவின் ஓபர்ஃபால்ஸ் பகுதியில் சேகரித்தவர். 1857 முதல் 1859 வரை வந்த மூன்று பாகங்களில் வழக்கங்களும் தலபுராணம் போன்ற இடக்கதைகளும் நிறைய. ரேகன்ஸ்பர்க் நகரில் கையெழுத்தாகக் கிடந்த கதைகளிலிருந்து எரிக்கா ஐஷன்சேயர் 2010இல் ஒரு தேர்வை வெளியிட்டார். அதிகம் மெருகேறாதவை, சில இடங்களில் கதை சட்டென்று முறிந்து நிற்கும். அதைச் சரிசெய்யத் தோன்றும், செய்யாதீர்கள்.

கதைப்பித்தன்:
நன்றி. 1812 பிரதியை ஸ்கேனிலிருந்து எழுத்தாக மாற்றினால் பாதிச் சொற்கள் அகராதியில் இல்லையே?

பாடபேதம்:
ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்துதான் காரணம். நீண்ட 'எஸ்' கிட்டத்தட்ட 'எஃப்' போலவே இருக்கும். 'கே'யும் (k) 'டி'யும் (t) குழம்பும். சாதாரண லத்தீன் அமைப்பில் ஓட்டினால் இப்படித்தான் வரும். மென்பொருளில் ஃபிராக்டூருக்கான மாதிரியைத் தேர்ந்து மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகும் அகராதியில் சிக்காத சொல்லுக்கு, முதலில் 'எஃப்' வரும் இடத்தில் 'எஸ்' போட்டுப் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் பழைய எழுத்துக்கூட்டலாக இருக்கலாம்: இன்று வெறும் 'டி' (t) எழுதும் இடத்தில் அன்று 'டிஹெச்' (th) எழுதுவார்கள்.