ஹோண்டா சிட்டி அலாயை ஸ்விஃப்ட்டில் மாட்டலாமா?

வெள்ளைஸ்விஃப்ட்:
என்னிடம் இருப்பது 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். நான்கு டயரும் மொட்டை, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். புதுப்பேட்டையில் ஒரு கடையில் 2009 ஹோண்டா சிட்டியில் இருந்து கழற்றிய 15 இன்ச் கம்பெனி அலாய் நான்கு பார்த்து வைத்திருக்கிறேன். கீறல் குறைவு, விலையும் படிகிறது. கடைக்காரர் "ரெண்டும் நாலு ஓட்டை, நூறு பிசிடி, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்கிறார். (பிசிடி என்றால் நட் ஓட்டைகளின் நடுவே போகும் வட்டத்தின் விட்டமாம், மி.மீ. கணக்கில்.) அப்பாவோ "கண்ணை மூடிக்கிட்டு வண்டியில எதையும் மாட்டாதே" என்கிறார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_ஓட்டி:
தாராளமா போடுங்க ப்ரோ. என் மச்சான் ஐ20 ரிம்மை எட்டியோஸில் மாட்டி ஓட்டுகிறார். ஒரு தொந்தரவும் இல்லை.

அலைன்மெண்ட்_அண்ணாச்சி:
ஐ20, எட்டியோஸ் நல்ல ஜோடி தம்பி. இரண்டுக்கும் பிசிடி 4x100 (நாலு ஓட்டை, 100 மி.மீ.), நடு ஓட்டை 54.1 மி.மீ., ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) மரை இடைவெளி 1.5 மி.மீ. அதை வைத்து சிட்டிக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் பொருத்தம் சொல்ல முடியாது.

பிசிடி விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் சிட்டி ரிம்மின் நடு ஓட்டை 56.1, அது போய் உட்காரும் ஸ்விஃப்ட் ஹப் 54.1. அந்த இடைவெளியில் ரிம் துளி விலகி உட்கார்ந்தாலும் 80, 90-ல் ஸ்டீயரிங் உதறும். எங்கள் கடைக்கு இப்படி வரும் வண்டிகள் ஏற்கெனவே இரண்டு கடையில் பேலன்சிங் பார்த்துவிட்டுத்தான் வரும். மெஷினில் ரிம் சரியாகவே சுற்றும், வண்டியில் ஏறினால்தான் ஆட்டம். இதற்கு ஹப் ரிங் (அந்த இடைவெளியை அடைக்கும் வளையம்) போட்டால் போதும், வெளியே 56.1, உள்ளே 54.1. பெரிய செலவு இல்லை.

வில்லங்கம் நட்டில் இருக்கிறது. ஸ்விஃப்ட் ஸ்டட் 12 மி.மீ., மரை 1.25. ஹோண்டாவும் 12 தான், ஆனால் மரை 1.5. ரிம்மோடு சேர்த்து ஹோண்டா நட்டையும் கொடுத்துவிடுவார்கள். அதை ஸ்விஃப்ட் ஸ்டட்டில் ஏற்றினால் ஓரிரு சுற்று போய்விட்டு இறுகும். துரு என்று நினைத்து ஏர் கன்னை வைத்து அமுக்கினால் ஸ்டட் மரை காலி.

சரி, ஸ்விஃப்ட் நட்டையே போடலாமே என்பீர்கள். மரை ஏறும், ஆனால் அதன் முகம் கூம்பு. ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டையாக, கிண்ணம் போல இருக்கும். கிண்ணத்துக்குள் கூம்பு முழுசாக ஒட்டாது, மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். முறுக்கும்போது நன்றாக இறுகியது போலத்தான் தெரியும். ஓட ஓட அந்த இடத்தில் அலாய் நசுங்கி நட் தளர ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் நட் முகத்தில் மார்க்கர் மை தடவி, கையால் முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம். நூல் மாதிரி ஒரு வட்டம் மட்டும் அழிந்திருந்தால் அந்த நட் அந்த ரிம்முக்கு ஆகாது.

1.25 மரையில் உருண்டை முக நட் கிடைத்தால் மாட்டலாம். ஆனால் சாதாரணக் கடையில் கேட்டால் கூம்பு நட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

வெள்ளைஸ்விஃப்ட்:
நன்றி அண்ணாச்சி. அதே கடையில் ஃபிகோ அலாயும் இருந்தது, அதுவும் நாலு ஓட்டைதான். அது எப்படி?

பழையகார்_பைத்தியம்:
அதைத் தொடவே வேண்டாம். ஃபிகோ 4x108. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் 4 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். ஓட்டையைக் குடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே கிளம்பிவிடுங்கள். நாலு ஓட்டை ரிம்மில் பிசிடி அளப்பது சுலபம்: எதிரெதிர் ஓட்டைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்தால் அதுதான் கணக்கு. கையில் ஒரு வெர்னியர் அளவுகோல் எடுத்துப் போங்கள். போலோ ரிம் காட்டினால் அளக்கவே தேவையில்லை, அதற்கு ஐந்து ஓட்டை.

வெள்ளைஸ்விஃப்ட்:
அப்போ எதைத்தான் தேடுவது?

அலைன்மெண்ட்_அண்ணாச்சி:
சுசுகி வண்டிக்கு சுசுகி ரிம்மையே தேடுங்கள். உங்கள் மாடலிலேயே இசட்எக்ஸ்ஐ அலாய், இல்லாவிட்டால் பேலினோ. 4x100, 54.1, 1.25 மரை, கூம்பு முகம், எல்லாம் ஒன்று. ரிங்கும் வேண்டாம், நட்டும் மாற்ற வேண்டாம். ரிம்மின் பின்பக்கம் ஈடி என்று ஒரு எண் இருக்கும், அதுதான் ஆஃப்செட். உங்கள் பழைய ரிம்மில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 குறைந்தால் ரிம் 10 மி.மீ. வெளியே வந்து நிற்கும்.

டயரை மட்டும் சிட்டி அளவில், அதாவது 175/65 ஆர்15-ல் வாங்காதீர்கள். அதன் உயரம் சுமார் 608 மி.மீ., உங்கள் 165/80 ஆர்14 சுமார் 620. 185/65 ஆர்15 போட்டால் 621 வரும். ஸ்பீடோமீட்டரும் மாறாது, பழைய 14 இன்ச் ஸ்டெப்னியும் உயரத்தில் ஒத்துப்போகும். மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை டார்க் ரெஞ்சில் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) நட்டைப் பார்த்துவிடுங்கள், ஏர் கன்னில் வேண்டாம்.